பிரிக்காத பொட்டலம்

ஆரணியில் பட்டுக்கடை வீதிப்பக்கம் போய், "ஜெகநாதன் வீட்டுப் பூ" என்று சொன்னால் போதும், வழி காட்டுவார்கள். கூடவே கதையும் சொல்வார்கள். அந்த வீட்டில் அம்மன் பூவில் பேசுகிறாள், பதினான்கு வருடமாக ஒரு வார்த்தை தப்பியதில்லை என்பார்கள். பொட்டலத்தை எடுக்கிற ஜெகநாதனுடைய கைராசியைப் பற்றி விரிவாகச் சொல்வார்கள். பொட்டலத்தைக் கட்டித் தருகிற ரேணுகாம்பாளைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டுவதில் என்ன இருக்கிறது, காகிதமும் நூலும்தானே.

ஜெகநாதன் சொந்தமாகக் கடை வைத்துப் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிறவர். முள்ளிப்பட்டில் இருபத்திரண்டு வீடுகளுக்குப் பாவும் ஊடையும் கொடுத்து நெய்து வாங்குகிறார். நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு குறை, எந்த முட்டாள்தனமும் அவருக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிடும்.

முதலில் வந்தது ஈமு கோழி. ஆள் உயரத்துக்குக் கோழி வளர்த்தால் சீமான் ஆகிவிடலாம் என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பிய காலம். ஜெகநாதன் ஒரு பண்ணையைப் போய்ப் பார்த்துவிட்டு, கையில் ஈமு எண்ணெய்க் குப்பியோடு திரும்பினார். அதை முழங்காலில் தேய்த்துக்கொண்டே, தறிகளை யாருக்காவது கைமாற்றிவிட்டுப் பண்ணை வைக்கப்போவதாகச் சொன்னார். ரேணுகாம்பாள் பத்து நாள் வாதாடினாள். அந்தக் கோழியை யார் சாப்பிடுவார்கள், முட்டையை யார் வாங்குவார்கள், ஊரில் எல்லோரும் வளர்த்தால் யாருக்கு விற்பது என்று கேட்டாள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். கேட்டது மனைவியாகப் போய்விட்டதால் அவருக்குக் காது கேட்கவில்லை.

"உனக்கு இன்னா தெரியும் ரேணு? நான் அம்மாவையே கேட்டுக்கறேன். பூ கட்டு" என்றார்.

பூ கேட்பது ஒன்றும் புதிய பழக்கமில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் படவேட்டு ரேணுகாம்பாள் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. ரேணுகாம்பாள் அரளிச்செடியில் வெள்ளையில் இரண்டு, சிவப்பில் இரண்டு பறித்து வந்தாள். நாட்காட்டித் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வீட்டுத் தறியும் ஒரு அரளிப்பூவில் போய் நிற்கிறதே என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொட்டலத்தில் சிவப்பை வைத்தாள். இன்னொன்றிலும் சிவப்பை வைத்தாள். மீதி இரண்டு வெள்ளையையும் அம்மன் படத்துக்குச் சாத்தி, கோபம் இருந்தால் என்மேல் காட்டிக்கொள் தாயே என்று கும்பிட்டாள்.

ஜெகநாதன் வெகுநேரம் கையைக் காற்றில் அலையவிட்டு, உடம்பெல்லாம் சிலிர்த்து, ஒன்றை எடுத்தார். சிவப்பு. இன்னொரு பொட்டலத்தை நோக்கி அவர் கை நீண்டபோது ரேணுகாம்பாள் சட்டென்று அதை எடுத்துக்கொண்டாள்.

"எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாதுங்க. அம்மா மறைச்சு வெச்சத நாம எட்டிப் பாக்கற மாதிரி ஆயிடும். ஓடற தண்ணில வுட்டுடணும்" என்றாள்.

அந்த நிமிடத்தில் வாயில் வந்த சாஸ்திரம் அது. ஓடுகிற தண்ணீருக்கு ஆரணியில் எங்கே போவது, ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. ஆகவே கிணற்றில் போட்டாள். மறுவருடம் ஈமு பண்ணைக்காரர்கள் கோழிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். ஜெகநாதன் தெருத்தெருவாகப் போய், "அம்மா என்னைக் காப்பாத்திட்டா" என்று சொன்னார். பத்து நாள் வாதாடியவளிடம் மட்டும் வந்து ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் பூதான். பெரணமல்லூரில் ஒரு மனை வந்தது. தெருவில் பூ விற்கிற பூங்காவனம் அந்த ஊர்க்காரி. அவளிடம் ரேணுகாம்பாள் விசாரித்தபோது, அந்த மனைக்கு அண்ணன் தம்பி மூன்று பேர் கோர்ட்டில் நிற்பது தெரிந்தது. இரண்டிலும் சிவப்பு. வந்தவாசியில் கிளைக் கடை வைக்கலாமா என்ற கேள்வி வந்தது. அங்கிருந்து சேலை எடுக்க வந்த பெண்களிடம் ஒரு வருடமாகப் பேச்சுக் கொடுத்து வைத்திருந்தாள். இரண்டிலும் வெள்ளை. வார்டு கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கத் துடித்தார். சிவப்பு, சிவப்பு. அவருக்குப் பதிலாகத் துணிந்து நின்றவருக்கு வீட்டில் இருந்த ஓட்டு பதினாறு, விழுந்த ஓட்டு பதினொன்று. மகள் தேவிப்ரியா வேலூரில் புள்ளியியல் படிக்கலாமா என்று கேட்டபோது ரேணுகாம்பாள் யோசிக்கவே இல்லை. இருக்கிற பூவிலேயே நல்ல வெள்ளையாகப் பார்த்து இரண்டு கட்டினாள்.

ஒரே ஒரு முறை நேர்மையாகக் கட்டினாள். பழைய கார் ஒன்று வாங்கலாமா என்று அவர் கேட்டார். காரைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாத விஷயத்தில் நமக்கு எதற்கு வம்பு, அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்தாள். வெள்ளை வந்தது. கார் வந்தது. வந்த கார் வீட்டில் நின்ற நாளைவிட மெக்கானிக் கொட்டகையில் நின்ற நாள் அதிகம். "நீ தலைக்குத் தண்ணி ஊத்தாம கட்டியிருப்ப" என்று ஜெகநாதன் ஒரு மாதம் பொரிந்து தள்ளினார். அவள் சரியாக யோசித்தால் பெருமை அம்மனுக்கு, அம்மன் தப்பாகச் சொன்னால் திட்டு அவளுக்கு. அந்த வீட்டு நியாயம் இப்படி இருந்தது.

புகழ் பரவியதும் அக்கம்பக்கத்தார் வந்து, தங்களுக்கும் பூ எடுத்துத் தரச் சொன்னார்கள். அவர்கள் வீட்டு விவகாரம் ரேணுகாம்பாளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் ஒன்றுமாகவே கட்டிக் கொடுத்தாள். பாதிப் பேருக்குப் பலித்தது. பலித்தவர்கள் வாழைப்பழச் சீப்போடு வந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நன்றி சொன்னார்கள். பலிக்காதவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போனார்கள். வாழைப்பழத்தை எண்ணிப் பார்த்த ஊர், அடுத்த தெருவில் போனவர்களை எண்ணவில்லை. ஜெகநாதன் கைபட்டால் தப்பாது என்று முடிவாகிவிட்டது.

இதையெல்லாம் முதலில் எண்ணிப் பார்த்தவள் தேவிப்ரியா. படித்து முடித்து, சென்னையில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. எத்தனை பேருக்கு விபத்து நடக்கும், எத்தனை வீடு தீப்பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பட்டுக்கடை கமலக்கண்ணன் தன் மகன் சரவணனுக்கு அவளைக் கேட்டு ஆள் அனுப்பினார். கல்யாணம் முடிந்ததும் பெண் வேலைக்குப் போகக் கூடாது, கடையில் பில் போட உட்கார வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. ஜெகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் முன்னாலேயே பூ கேட்டுவிடலாம் என்றார்.

அவர் அதைச் சொன்ன அன்று மத்தியானம், ரேணுகாம்பாள் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா இதுவரைக்கும் இருபது தடவை பூ கேட்டிருக்காரு. அவர் வாயாலயே சொல்லச் சொல்லி எழுதி வெச்சிகினேன். இருபதும் சரியா வந்திருக்குது."

"அதான் ஊருக்கே தெரியுமே."

"பூவுக்கு ரெண்டுல ஒண்ணுதான் வாய்ப்பு. ரெண்டு தடவை சேந்தாப்ல சரியா வர்றதுக்கு நாலுல ஒண்ணு. மூணு தடவைக்கு எட்டுல ஒண்ணு. இப்படியே ரெட்டிச்சிகினே போனா, இருபது தடவைக்குப் பத்து லட்சத்துல ஒண்ணு. சும்மா கண்ண மூடிகினு எடுத்து யாருக்கும் அப்படி வராது."

"கார் தப்பாப் போச்சே" என்றாள் ரேணுகாம்பாள், புளியைப் பார்த்துக்கொண்டே.

"அத அப்பா கழிச்சிட்டாரு. பிடிக்காதத கழிச்சிட்டு எண்ணறது போங்கு. சரி, அதையும் சேத்துக்கலாம். அப்பவும் லட்சத்துல ஒண்ணுதான் வருது. இது அதிர்ஷ்டம் இல்லம்மா, யாரோ யோசிச்சிப் பண்றாங்க. எடுக்கறது அப்பா, கட்டறது நீ." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "அப்பாவுக்கு அந்த அளவுக்கு மூள கிடையாது."

ரேணுகாம்பாள் தலை நிமிரவில்லை. ஆனால் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு வருடத்தில், அந்த இருபது முடிவையும் எடுத்தவள் அவள்தான் என்று ஒரு ஆள் கண்டுபிடித்திருக்கிறது. பயமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

"எனக்கும் ரெண்டு செவப்பு கட்டும்மா" என்றாள் மகள்.

"கட்றேன்" என்றாள். நினைத்ததை வாயால் சொல்லி, அது காதில் விழுகிற ஒரு இடத்துக்கு இந்தப் பெண்ணாவது போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது அவள் மனதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கமலக்கண்ணன், மனைவி ஆதிலட்சுமி, மகன் மூவரும் வந்தார்கள். காபி முடிந்ததும் ஜெகநாதன் செருமிக்கொண்டு, "ரேணு, பூ கட்டு" என்றார்.

கமலக்கண்ணன் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம். உங்க வூட்டுப் பூவைப் பத்தி ஊரே பேசிகினு இருக்குது. ஆனா இது ரெண்டு வூட்டு விஷயம் பாருங்க. இன்னிக்கி ஒரு தடவை எங்க வூட்டம்மா கட்டட்டுமே."

"தாராளமா. யார் கட்னா இன்னா? எடுக்கறது இந்தக் கைதானே" என்று ஜெகநாதன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

ரேணுகாம்பாள் பதறினாள். மறுக்க ஒரு காரணமும் இல்லை. மகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு வைத்த தட்டை ஆதிலட்சுமியிடம் நீட்டினாள். அந்த அம்மாள் அம்மன் படத்தருகே திரும்பி உட்கார்ந்து, முந்தானை மறைவில் ஜல்தியாகக் கட்டி முடித்தாள். மீதிப் பூவை மரியாதையாக அம்மன் படத்துக்குச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஜெகநாதன் கையை அலையவிட்டார், சிலிர்த்தார், எடுத்தார். வெள்ளை.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா" என்றார். கமலக்கண்ணன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தேவிப்ரியா சுவரோடு சுவராக நின்றாள்.

ரேணுகாம்பாள் அம்மன் படத்தைப் பார்த்தாள். தாயே, இதுவா உன் நியாயம் என்று கேட்கத்தான் பார்த்தாள். படத்தில் இரண்டு பூ இருந்தது. இரண்டும் சிவப்பு. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மீதிப் பூவை அவளும் பதினான்கு வருடமாக அதே இடத்தில்தான் சாத்தி வந்திருக்கிறாள். இருபது முறையும் விடை எல்லோர் கண் முன்னாலும் படத்தில் மாட்டியே இருந்திருக்கிறது. அந்த வீட்டில் யாருக்கும் இரண்டு பூவை எண்ணத் தோன்றவில்லை.

ஆதிலட்சுமி எழுந்து மற்ற பொட்டலத்தை எடுக்க வந்தாள். "பிரிக்கக் கூடாதாமே, நானே கெணத்துல போட்டுட்றேன்" என்றாள்.

ரேணுகாம்பாளின் கை முந்திக்கொண்டது. பொட்டலம் கையில் இருந்தது, பிரிக்கத்தான் முடியவில்லை. இதைப் பிரித்தால் இன்று ஆதிலட்சுமி மாட்டுவாள், அடுத்த நிமிடம் ரேணுகாம்பாளே மாட்டுவாள். பிரிக்கக் கூடாது என்ற சாஸ்திரத்தைப் பெற்றெடுத்தவளே அவள்தான். அது வளர்ந்து ஆளாகி, இப்போது பெற்ற மகள் கழுத்திலேயே கை வைத்துக்கொண்டு நிற்கிறது. அவள் தேவிப்ரியாவைப் பார்த்தாள். பெண் அழவில்லை. அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாள் பட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்துப் பொட்டலத்தைப் பிரித்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி தட்டில் கொட்டினாள்.

வெள்ளை.

ஜெகநாதன் அந்தப் பூவையும் இந்தப் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப செவப்பு எங்க?" என்றார். பிறகு குழந்தை மாதிரி ஆச்சரியப்பட்டு, "இப்படிக்கூடக் கட்ட முடியுமா?" என்று கேட்டார். பதினான்கு வருடத்தில் அது ஒருமுறைகூட அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

"அவசரத்துல மாத்திக் கட்டிட்டேன் போல" என்றாள் ஆதிலட்சுமி.

கமலக்கண்ணனுக்கு மானம் போய்விட்டது. மானம் போனவர்கள் எப்போதும் செய்கிறதை அவரும் செய்தார், எதிராளி பக்கம் பாய்ந்தார். "இன்னிக்கி எங்கள சொல்றீங்க. இத்தினி வருஷமா இந்த வூட்ல இப்படி நடக்கலன்னு இன்னா நிச்சயம்? இங்க கட்டறது யாரு?"

"நான்தான் கட்டறேன்" என்றாள் ரேணுகாம்பாள். "நானும் இப்படித்தான் கட்டறேன். ஈமு கோழில இருந்து இருபது தடவை. வேணாம்னு பட்டா ரெண்டும் செவப்பு, செய்யலாம்னு பட்டா ரெண்டும் வெள்ளை. கார் ஒண்ணுதான் நெஜமான பூ."

சொல்லிவிட்டாள். இடி விழும் என்று காத்திருந்தாள். ஜெகநாதன் சிரித்தார். வாய்விட்டு, தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"சும்மா இரு ரேணு, அவங்க மானத்தக் காப்பாத்த நீ பழியைத் தூக்கிப் போட்டுக்காத. இருபது விஷயங்க. மனை, கடை, எலெக்‌ஷன். ஒண்ணுகூட தப்பாம இவ முடிவு பண்ணாளாம். முள்ளிப்பட்டு பஸ் எங்க நிக்கும்னு கேட்டா முழிப்பா."

"அப்பா, அம்மா சொல்றது நெஜம்" என்றாள் தேவிப்ரியா. "வெறும் பூவா இருந்தா இருபதும் சரியா வர்றதுக்குப் பத்து லட்சத்துல ஒரு வாய்ப்புதான். அப்படி நடக்கவே நடக்காது. அம்மா யோசிச்சதாலதான் வந்துச்சு."

"பத்து லட்சத்துல ஒண்ணா?" ஜெகநாதனின் முகம் மாறியது. சிரிப்பு நின்று, கண்ணில் தண்ணீர் வந்தது. "கேட்டீங்களா? படிச்ச பொண்ணே சொல்லுது, பத்து லட்சத்துல ஒண்ணுன்னு. மனுஷியால ஆவுற காரியமா இது? ரேணு, நீ கட்னதா நெனச்சிகினு இருக்கற. அம்மாதான் உன் கையில வந்து கட்டியிருக்கா. உன் பேரே அவ பேரு, இது எனக்கு இத்தினி நாளாப் புரியலயே."

மகள் போட்ட கணக்கை அப்படியே எடுத்து அம்மனுக்குச் சாத்திவிட்டார். பத்து லட்சத்தில் ஒன்று நடந்தது என்பதை அவரால் நம்ப முடிந்தது. பெண்டாட்டி இருபது முறை சரியாக யோசித்தாள் என்பதை நம்ப முடியவில்லை.

ரேணுகாம்பாளுக்கு ஆத்திரமாக வந்தது. அம்மன் இல்லை, நான், பூங்காவனத்திடம் விசாரித்தது நான், கடைக்கு வந்த பெண்களிடம் கேட்டது நான் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் இன்னும் பத்து நாள் வாதம் நடக்கும். ஒன்றாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படின்னா இப்பவும் அம்மா சொல்றா" என்றாள். "இந்தச் சம்பந்தம் வேணாம். பொண்ணு மெட்ராஸுக்கு வேலைக்குப் போவட்டும்."

ஜெகநாதன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். கமலக்கண்ணன் குடும்பம் பேஜாராகிச் செருப்பைத் தேடியது. போகிற போக்கில் ஆதிலட்சுமி ரேணுகாம்பாளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபத்தைவிடப் பொறாமைதான் அதிகம் இருந்தது. இருபது முறை மாட்டாமல் கட்டியவள் என்ற மரியாதையாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும்போது தேவிப்ரியா, "நீ ஏம்மா வுட்டுக் குடுத்த? அது உன் மூள, அம்மன் இல்ல" என்றாள்.

"உனக்குத் தெரியுது இல்ல" என்றாள் ரேணுகாம்பாள். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு ஜெகநாதன் வீட்டில் மனைவிக்குத் தனி மரியாதை. வெள்ளிக்கிழமைகளில் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அதே கை வைத்த குழம்பில் உப்பு குறைந்தால் பழையபடிதான் கத்துகிறார். போன மாதம், மறுபடியும் வார்டு தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மாவைக் கேட்டுடலாம். உன் கையால கட்டு."

அவள் வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு பறித்து வந்தாள். தாளைக் கிழித்தாள். போன முறை நின்றவருக்கு வீட்டில் ஓட்டு பதினாறு, விழுந்தது பதினொன்று என்பது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னால் உனக்கு என்ன தெரியும் என்பார். சரி, எனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்தாள். ஒன்றில் வெள்ளை வைத்தாள், ஒன்றில் சிவப்பு வைத்தாள். மீதி இரண்டைப் படத்துக்குச் சாத்தினாள், வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று.

வெள்ளை வந்தது. ஜெகநாதன் நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு ஓடினார். ரேணுகாம்பாள் மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இந்தத் தேர்தலில் தன் ஓட்டு யாருக்கு என்பதை அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். அதற்கு அவளுக்குப் பூ எதுவும் தேவைப்படவில்லை.